அளவுக் கருவிகள் காலிபரேஷன்: எல்லா ஷிப்ட்டுக்கும்
வணக்கம். காலிபரேஷனுக்காக (கருவி சரியான அளவைக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது), திங்கள் முதல் மெஷின் ஷாப்பில் உள்ள ஒவ்வொரு அளவுக் கருவிக்கும் எண் போடுகிறோம். வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ், எல்லாவற்றையும் கேஜ் ரூமில் கொடுங்கள். டூல் பாக்ஸில் பூட்டி வைத்திருக்கும் சொந்த வெர்னியரும் சேர்த்துத்தான்! அதில் அளந்து ஜாப் பாஸ் செய்தால் அதுவும் கணக்கில் வரும்.

என்ஏபிஎல் (சோதனை, காலிபரேஷன் லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபுக்கு ஒரே நாளில் எல்லாம் அனுப்பினால் வேலை நின்றுவிடும். பாதி இப்போது, மீதி அடுத்த மாதம். தொடக்கத்தில் ஒரு காலிபரேஷனுக்கும் அடுத்ததுக்கும் ஒரு வருட இடைவெளி. அப்புறம் ரிப்போர்ட்டில் வரும் பிழையைப் பார்த்து, தினமும் கைமாறும் கருவிகளுக்கு ஆறு மாதமாகக் குறைப்போம்.

காலிபரேஷன் ஸ்டிக்கர் இருந்தால் மட்டும் போதாது. 0.02 மி.மீ. லீஸ்ட் கவுண்ட் (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு) வெர்னியரை வைத்து ±0.01 மி.மீ. டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வித்தியாசம்) பார்ப்பதை நிறுத்துங்கள். மெஷினிலிருந்து இறக்கிய சூட்டோடும் அளக்க வேண்டாம். நீள அளவுக்கான அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. 100 மி.மீ. ஸ்டீல் பத்து டிகிரி கூடினாலே சுமார் 0.01 மி.மீ. நீளும்.

கருவி கீழே விழுந்தால் சிவப்பு டேக் கட்டி, உடனே என்னிடம் சொல்லுங்கள். யாரையும் திட்டமாட்டேன். மறைத்தால், அதில் பார்த்த ஜாப் அத்தனையையும் திரும்ப அளக்க வேண்டிவரும்.

ஞாயிறு இரவுக்குள் உங்கள் மெஷினில் உள்ள கருவிகளின் பட்டியலை இங்கேயே போடுங்கள்.