யேல் துரையின் படமும் மதராஸ் கணக்கும்

நியூ ஹேவன் நகரில் உள்ள யேல் பிரிட்டிஷ் கலை மையத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேலின் குடும்ப ஓவியம் உங்களிடம் உள்ளது; அது பற்றிச் சென்னையிலிருந்து எழுதுகிறேன்.

மேசையைச் சுற்றிப் பொய்முடி வைத்த கனவான்கள், மது, புகைக்குழாய். நடுவில் யேல். பின்னால் பேரப்பிள்ளைகள் விளையாடுகிறார்கள். வலது ஓரத்தில் பத்து வயது மதிக்கத்தக்க கறுப்பினச் சிறுவன் ஒருவன் மது பரிமாற நிற்கிறான். அவன் கழுத்தில் வெள்ளிப் பட்டை. அதை நகை என்று நினைத்துக் கடந்துவிடலாம், அதில் தொங்கும் பூட்டைப் பார்க்கும்வரை. சாவி அந்த மேசையில் இருப்பவர்களில் யாரிடமோ இருந்திருக்கும்.

இந்தப் படத்துக்கு நீங்கள் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். 2020இல் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அதற்கு மறுமொழியாக அமெரிக்க ஓவியர் டைட்டஸ் கஃபார் வரைந்த ஓவியத்தை மாட்டினீர்கள். அதில் கனவான்கள் கசங்கிக் கிடக்கிறார்கள். சிறுவனின் முகம் மட்டும் பொன்சட்டத்துக்குள், பட்டை இல்லாமல், நேராக நம்மைப் பார்க்கிறது. அப்புறம் வண்ணங்களைச் சோதித்து, காலத்தை 1719 வாக்கில் என்று திருத்தி, ஓவியர் ஜான் வெரெல்ஸ்ட் வரைந்திருக்கலாம் என்று சொல்லி, தலைப்பிலேயே ‘அடிமைப்படுத்தப்பட்ட குழந்தை’ என்று எழுதினீர்கள். அவன் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. அவன் எங்கள் ஊர்ப் பிள்ளை என்று உரிமை கொண்டாட எங்களிடமும் சான்று இல்லை, அதற்காக எழுதவும் இல்லை.

நான் கேட்பது மேசைக்கு வந்த பணத்தின் கதை. யேல் 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாதாரண எழுத்தராக மதராஸுக்கு வந்தவர். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். கம்பெனிச் சம்பளத்தில் யாரும் அப்படிச் செல்வந்தர் ஆகிவிட முடியாது. சொந்த வியாபாரம், அதிலும் வைரம், அவரைத் தூக்கிவிட்டது. பதவி போனது ஊழல் புகாரில். அந்தச் செல்வத்தில் ஒரு துளிதான் 1718இல் உங்கள் கல்லூரிக்குப் போன புத்தகங்களும் துணிப் பொதிகளும்.

அவர் கவர்னரான 1687 இந்தப் பக்கம் பஞ்ச காலம். பசிக்குத் தன்னையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் உண்டு. அந்த ஆண்டின் ஒரே மாதத்தில் கோட்டையிலிருந்து குறைந்தது 665 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் பத்து அடிமைகளாவது இருக்க வேண்டும் என்ற விதியை யேல் அமர்ந்திருந்த கோட்டையின் நிர்வாகச் சபை நடைமுறைப்படுத்தியது. 1688இல் அதே சபை இந்த வணிகத்துக்குத் தடை போட்டதைக் காட்டி, ‘அவர்தானே நிறுத்தினார்’ என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பகுதியை ஆண்ட கோல்கொண்டா சுல்தானகம் அப்போதுதான் மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப் கைக்குப் போயிருந்தது; மொகலாய அதிகாரிகளின் எதிர்ப்புக்குப் பணிந்து போட்ட தடை அது. மனம் திருந்திய கதையாக அதை யாரும் விற்க வேண்டாம்.

இங்கே உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி, யேலின் சிறுவயது மகன் டேவிட்டின் கல்லறை நினைவுத்தூண் இருக்கிறது. செத்துப்போன அந்தப் பிள்ளையின் பெயர் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது. கப்பலேறிய 665 பேரில் ஒருவர் பெயரைக்கூடச் சொல்ல இங்கே ஆளில்லை.

2024இல் யேல் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்கு மன்னிப்புக் கேட்டது. சரி. அடுத்ததாக இரண்டு காரியம் செய்யுங்கள். கோட்டைச் சபையின் நாட்குறிப்புகளும் ஆலோசனைப் பதிவுகளும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதில் 1687, 1688ஆம் ஆண்டுப் பக்கங்களின் நகலை இந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், சிறுவனின் பூட்டைப் பார்ப்பவர் அந்தக் கணக்கையும் பார்க்கும்படி. படத்தின் விளக்கத்தைத் தமிழிலும் வெளியிடுங்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் சென்னையில் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவர்