உரிமம் இருந்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான் உரிமமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பாக்கி உரிமம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான வாசகர் கடிதம் ஒன்றில், வேலைவெட்டி இல்லாதவர்களுக்குத் துப்பாக்கி எதற்கு, வருமானம் காட்ட முடியாதவர்களின் விண்ணப்பத்தை வாங்கவே கூடாது என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தெருவில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அவர் சொல்லும் அந்த வேலைவெட்டி இல்லாதவர்களில் நானும் ஒருவன். ஆகவே பதில் எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். காலாட்படை வீரன் பென்ஷனோடு வீட்டுக்கு வரும்போது அவனுக்கு நாற்பது வயதுகூட நிறைந்திருக்காது. பிள்ளைகள் அப்போதுதான் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். கடைசிச் சம்பளத்தில் பாதிதான் பென்ஷன். வீட்டுக்கடன் தவணை மட்டும் பாதியாகக் குறைவதில்லை. எனவே இரண்டாவது வேலை தேடாத முன்னாள் படைவீரர் அபூர்வம். வேலூர் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் உண்டு. வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே அதற்குப் பெயர். அந்த ஊர்க்காரர்கள் ரெஜிமெண்டில் நான் இருந்த கம்பெனி என்ற படைப்பிரிவிலும் இருந்தார்கள். ஓய்வுபெற்ற பின் அவர்களில் யாரிடம் பேசினாலும் இரண்டாவது வாக்கியத்தில் வந்துவிடுவது கன்மேன் வேலைதான், அதாவது துப்பாக்கி ஏந்திய காவலாளி வேலை. வங்கி வாசல், ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டுபோகும் வண்டி, நகைக்கடை. எங்களுக்குத் தெரிந்த தொழிலுக்கு வெளியுலகில் இருக்கும் இடம் அவ்வளவே.

அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களைப் பாருங்கள். முன்னாள் படைவீரராக இருக்க வேண்டும் என்ற வரிக்கு அடுத்த வரியிலேயே சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் கட்டாயம் என்று இருக்கும். சரி என்று உரிமத்துக்கு விண்ணப்பித்தால் முதல் கேள்வியே, தற்போது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதுதான். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை.

விசாரணை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எந்த மாவட்டம் என்று குறிப்பிட விரும்பவில்லை. மற்ற மாவட்டங்களில் இருக்கும் என் நண்பர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதேதான். வீட்டுக்கு வந்தவர் காவல்துறையின் தனிப்பிரிவு ஏட்டு. என்னைவிட வயதில் இளையவர், மரியாதையான மனிதர். திண்ணையில் உட்கார்ந்து, ராணுவத்திலிருந்து வெளிவரும்போது கொடுத்த என் டிஸ்சார்ஜ் புக்கை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். நடத்தைக்கான இடத்தில் எக்ஸம்ப்ளரி (முன்மாதிரியானது) என்று எழுதியிருப்பதைக் குறித்துக்கொண்டார். மருத்துவ வகை ஷேப் ஒன் என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டார், முழு உடல்தகுதி என்று சொன்னேன். குடிப்பீர்களா என்று கேட்டார். கேன்டீன் சரக்கைக்கூடப் பெரும்பாலும் வாங்குவதில்லை என்றேன். சிரித்தார். அதற்கு முன்பே எதிர்வீட்டிலும் முனைக் கடையிலும் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. நல்ல வேலை. அப்படித்தான் செய்ய வேண்டும்.

“தொழில் என்ன என்று போடட்டும் அண்ணே?”

“இப்போதைக்கு ஒன்றும் இல்லை. உரிமம் கிடைத்தால் வங்கி வேலைக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.”

“அதை எழுத முடியாதே. நிலம் ஏதாவது இருக்கிறதா? விவசாயம் என்று போட்டுவிடலாம்.”

நிலம் அரை ஏக்கர். அதுவும் அண்ணன் தம்பி மூவருக்கும் பொது. கிணற்றில் தண்ணீர் இல்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை. அவர் கொஞ்சம் தயங்கி, ‘வேலை ஏதுமின்றி வீட்டில் இருந்து வருகிறார்’ என்று எழுதினார்.

டிஸ்சார்ஜ் புக்கில் இருந்த அத்தனையையும் அந்த ஒரு வரி தின்றுவிட்டது. கோப்பு மேலே போகப் போக, ஒவ்வொரு மேசையிலும் அந்த வரிக்கு அடியில்தான் கோடு போட்டார்கள். வருமான வரிக் கணக்கு எங்கே என்றார்கள். பிறகு வட்டாட்சியரிடம் சொத்து மதிப்புச் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். கடைசியில் வந்த தபாலில், உரிமம் வழங்கப் போதிய முகாந்திரம் இல்லை என்று ஒரே வரி. என்ன முகாந்திரம், எது போதவில்லை என்ற விவரம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம் என ஆயுதச் சட்டத்தை வாங்கிப் படித்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் துப்பாக்கி என்பது ஜமீன் வீட்டுச் சுவரில் தொங்கும் பொருள். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்களுக்கு அந்த நினைவு இருந்திருக்க வேண்டும். உரிமம் மறுப்பதைப் பற்றிய 14ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவில், போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் எவருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்புறம் எதற்குச் சொத்து மதிப்புச் சான்று? அடுத்த உட்பிரிவு இன்னும் முக்கியமானது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்; விண்ணப்பித்தவர் கேட்டால் அதைச் சுருக்கமாகத் தரவும் வேண்டும். பொதுநலன் கருதித் தர இயலாது என்று அதிகாரி கருதினால் மட்டுமே விலக்கு. எனக்கு வேலை இல்லை என்பதை எனக்கே சொல்வதால் எந்தப் பொதுநலன் கெடும் என்று தெரியவில்லை.

2016ஆம் ஆண்டு வந்த ஆயுத விதிகள், யாருடைய விண்ணப்பங்களைக் கருத்தில் கொள்ளலாம் என்று சொல்லும் இடத்தில் மூன்று வகையினரைக் குறிப்பிடுகின்றன. தொழிலின் தன்மையாலோ வேறு காரணத்தாலோ உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தேவைப்படுபவர்கள் ஒரு வகை. துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகையில் படையிலும் காவல்துறையிலும் பணியாற்றுகிறவர்களோடு பணியாற்றி முடித்தவர்களையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். உண்மையான பாதுகாப்புத் தேவை இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்களுக்கும் உண்டு. மாதச் சம்பளம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை.

அப்படியானால் ஒருவருக்கு வேலை போய்விட்டது என்பதை அதிகாரி கண்டுகொள்ளவே கூடாதா? கண்டுகொள்ள வேண்டும். இதில் கடிதம் எழுதிய அன்பரோடு நான் பாதி உடன்படுகிறேன். வேலை போன மனிதன் எப்படி மாறுவான் என்பதைப் பார்த்திருக்கிறேன். என்னோடு பணியாற்றிய ஒருவர், ஊருக்கு வந்து போட்ட கடை நஷ்டமாகி, வட்டிக்குக் கடன் வாங்கி, மாலையானால் டாஸ்மாக்கில் நிற்கத் தொடங்கினார். அவருடைய மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டார். அந்த நிலையில் அவர் கையில் துப்பாக்கியைக் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். பிறர்மேல் திருப்புவார் என்பதைவிடத் தன்மேலேயே திருப்பிக்கொள்வார் என்ற பயம்தான் எனக்கு அதிகம். ஆனால் அவருக்கு மறுப்பதற்கான காரணம் குடியும் கடனும் மனம் உடைந்ததும். தொழில் என்ற கட்டத்தில் எழுதும் சொல் அல்ல. அவர் கடை நடத்திக்கொண்டிருந்த கடைசி மாதங்களில் விண்ணப்பித்திருந்தால், வியாபாரம் என்று எழுதி உரிமம் தந்திருப்பார்கள்.

வெளிநாட்டுச் செய்திகளும் இரு பக்கமும் சாட்சி சொல்கின்றன. 2021 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிளைமவுத் நகரில் ஐந்து பேரைச் சுட்டுக்கொன்றுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்ட இளைஞனுக்கு வேலை இருந்தது. கிரேன் இயக்கப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தான். அதற்கு முந்தைய ஆண்டு அவன் ஒரு பூங்காவில் இருவரைத் தாக்கியதால் போலீஸார் துப்பாக்கியைப் பறிமுதல் செய்து, பிறகு சம்பவத்துக்குச் சில வாரங்கள் முன்புதான் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். 2007 டிசம்பரில் ஜப்பானின் சாசெபோ நகர உடற்பயிற்சிக் கூடத்தில் சுட்டவனோ வேலையில்லாதவன். ஆனால் அவனைப் பற்றி அக்கம்பக்கத்தார் முன்பே போலீஸில் புகார் சொல்லியிருந்தார்கள். இரண்டிலும் எச்சரிக்கை கிடைத்தது மனிதனின் நடத்தையிலிருந்து. சம்பளச் சீட்டைப் பார்த்து இரண்டில் ஒன்றைத்தான் தடுத்திருக்க முடியும், அதுவும் தற்செயலாக.

அதனால்தான் எதிர்வீட்டிலும் முனைக் கடையிலும் விசாரித்த அந்த ஏட்டைப் பாராட்டுகிறேன். அவர் திரட்டிய தகவல்தான் பயனுள்ளது. மதுவுக்கோ போதைப்பொருளுக்கோ அடிமை இல்லை என்று குறிப்பிடும் மருத்துவச் சான்றையும் விதிகள் கேட்கின்றன. அதை முத்திரை குத்திக் கொடுக்கும் காகிதமாக்காமல் ஒழுங்காகப் பரிசோதித்துத் தரட்டும். மனைவியைத் தனியாக அழைத்துப் பேசட்டும். கடன் எவ்வளவு, யாரிடம் என்று கேட்கட்டும். என்னை எவ்வளவு துருவினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான்கு வீடு வாடகைக்கு விட்டிருப்பவரையும் இதே அளவு துருவட்டும். குடித்துவிட்டுக் கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறவர்கள் யாரும் வருமான வரிக் கணக்கு இல்லாதவர்கள் அல்லர்.

வேலை போவது புதிதாக விண்ணப்பிக்கிறவனை மட்டும் பாதிப்பதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். முன்பு மூன்று ஆண்டுகள். அந்த ஐந்தாவது ஆண்டில் பார்த்து வங்கிக் கிளை மூடப்பட்டாலோ ஒப்பந்த நிறுவனம் மாறினாலோ புதுப்பிக்கும் நேரத்தில் கன்மேன் வேலையில்லாதவனாகிவிடுகிறான். தேர்தல் வந்தாலும் இதே கதி. பெரும்பாலோர் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க, வங்கிக் காவலர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. இரண்டு வேலைக்கு நடுவில் இருப்பவனுக்குக் கடிதம் கொடுக்க வங்கி இல்லை. அவன் ஒப்படைக்க வேண்டியதுதான். தேர்தல் முடிந்து அது கைக்கு வரும்வரை கன்மேனாக எங்கும் சேர முடியாது.

எல்லாவற்றையும் அரசு அலுவலகத்தின் தலையில் போடுவதும் நியாயம் இல்லை. தற்காப்புக்கென்று ஒரு தனிமனிதனுக்குக் கொடுக்கும் உரிமத்தை வைத்துக்கொண்டு இன்னொருவரின் பணப்பெட்டியைக் காவல் காக்கச் சொல்வதே கோணலான ஏற்பாடு. நிறுவனங்கள் தங்கள் பெயரில் உரிமம் வாங்கி, அதில் காவலர்களின் பெயரைச் சேர்த்துக்கொள்ள விதிகளில் வழி இருக்கிறது. அப்படிச் செய்தால் துப்பாக்கியின் விலை, பாதுகாப்புப் பெட்டி எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. செலவையும் பொறுப்பையும் காவலாளியின் தோளில் ஏற்றிவிட்டு விளம்பரத்தில் ஒரு வரி போட்டுவிடுவது அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை தரலாம் என்கிறது. தரும் முன்னுரிமையோடு துப்பாக்கியையும் அவர்களே தரட்டுமே.

அதுவரை, விண்ணப்பங்களைப் பார்க்கும் அதிகாரிகளிடம் என் கோரிக்கை சிறியது. வங்கியோ பாதுகாப்பு நிறுவனமோ, உரிமம் கிடைத்தால் இவரை வேலைக்கு எடுத்துக்கொள்வோம் என்று எழுதிக் கொடுக்கும் கடிதத்தைக் கோப்பில் சேர்த்துப் பரிசீலியுங்கள். காவல்துறை அறிக்கைக்கு விதிகள் 30 நாள் தருகின்றன. அறிக்கை வந்தபின் முடிவெடுக்க 60 நாள். அந்தக் காலத்துக்குள் முடிவைச் சொல்லுங்கள். மறுப்பதென்றால் மறுங்கள், ஆனால் காரணத்தை எழுதுங்கள். சட்டப்படி மேல்முறையீடு செய்ய எனக்கு வழி உண்டு. எதை எதிர்த்து முறையிடுவது என்று தெரிந்தால்தானே மனு எழுத முடியும்? காரணம் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார் ஒருவர்
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)