மதுரையில் வளரும் என்று சொல்லி விற்ற ஜப்பானிய மேப்பிள்: புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
திருநகர், மதுரை.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
இணையவழிச் செடி விற்பனை நிறுவனம்.

பொருள்: தவறான தகவல் தந்து ஜப்பானிய மேப்பிள் ஒட்டுச்செடி விற்றது, புகாரை விசாரிக்காமல் மூடியது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த நவம்பரில் உங்களிடம் சிவப்பு இலை ஜப்பானிய மேப்பிள் ஒன்று வாங்கினேன். செடி 2,850 ரூபாய், கூரியர் 250 ரூபாய். மே மாதம் இரண்டாம் வாரத்தில் அது அடியோடு காய்ந்துவிட்டது.

பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் அரட்டைப் பெட்டியில் நான் கேட்டது இதுதான்: "எங்கள் வீடு மதுரையில். கோடையில் 40 டிகிரி தாண்டும். இந்தச் செடி தாங்குமா?" வந்த பதில்: "கண்டிப்பா மேடம். எந்த வெயிலிலும் வளரும். காலையில் தண்ணீர் ஊற்றினால் போதும்." அந்தப் பதிலை நம்பித்தான் வாங்கினேன். அதன் படத்தை இணைத்திருக்கிறேன்.

என் மாமியாருக்கு நடை குறைந்துவிட்டது. பகல் முழுக்க முன் வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்பார். அவர் கண்ணில் படுகிற மாதிரி சிவப்பாக ஒரு மரம் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். பெட்டியைப் பிரித்த அன்று ஒரு இலையைத் தன் கையில் வைத்துப் பார்த்து, "உள்ளங்கை மாதிரியே இருக்குதே" என்றார் அத்தை. அதன் அறிவியல் பெயரான ஏசர் பால்மாட்டம் என்பதிலேயே உள்ளங்கை இருக்கிறது என்று பிறகு படித்தேன். வீட்டில் எல்லோருக்கும் அது உள்ளங்கைச் செடி ஆகிவிட்டது.

நீங்கள் அனுப்பிய தாளில் சொன்னபடிதான் வளர்த்தேன். புதிய மண் தொட்டி, தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், பச்சை நிழல்வலை என்று மேலும் 900 ரூபாய் ஆனது. மார்ச் மாதம் திருப்பரங்குன்றம் பக்கமிருந்து அனல்காற்று வர ஆரம்பித்ததும் இலையின் விரல் நுனிகள் கருகின. முதலில் நகம் அளவுக்குப் பழுப்பு. மூன்று நான்கு நாளில் அது நடு இலை வரை ஏறியது. தொட்டால் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. தொட்டியை வேப்பமரத்தடிக்கு நகர்த்தினேன். அப்புறம் தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம் கொண்டுபோனேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அமில மண் கேட்கிற இந்தச் செடிக்கு அப்படிப்பட்ட தண்ணீர் ஆகாது என்று உங்கள் தாளில் ஒரு வரி இல்லை.

ஏப்ரலில் புகார் செய்தேன். அதிகமாகத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள் என்றார் உங்கள் ஊழியர். இருபது வருடமாக மல்லிகை வளர்க்கிறேன், எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் என்று எனக்குத் தெரியும். அந்த வாரமே அடித்தண்டில் பச்சையாக ஒரு துளிர் வந்தது. படம் அனுப்பினேன். "செடி உயிரோடு இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் புகாரை மூடிவிட்டீர்கள். அந்தத் துளிர் வந்த இடம் ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழே! அது ஒட்டுக்கு வேர் தருகிற அடிச்செடியின் துளிர். நான் காசு கொடுத்த சிவப்பு மேப்பிள் முடிச்சுக்கு மேலே அன்றைக்கே செத்துக் கிடந்தது. செடி விற்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. எனக்கு மிகவும் வருத்தமானது இதுதான். கத்திரி வெயிலில் அந்தப் பச்சைத் துளிரும் போய்விட்டது.

இந்த மரம் ஜப்பான், கொரியா பக்கத்து மலைக்காடுகளில் வளர்வது. குளிர்காலத்தில் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு உறங்கும். பல வாரங்கள் நல்ல குளிர் பட்டால்தான் அடுத்த வசந்தத்தில் சரியாகத் துளிர்க்கும். மதுரையில் மார்கழி விடியற்காலையிலேகூட அந்த அளவுக்குக் குளிர் வராது. என் செடி உறங்கவே இல்லை. தை மாதத்திலும் பாதி இலை உதிராமல் தொங்கிக்கொண்டிருந்தது. கொடைக்கானலில் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பவர் கேட்டிருந்தால் வளர்த்துப் பார்க்கச் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. எனக்கு "இங்கே வராது மேடம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு பவளமல்லியோ செம்பருத்தியோ வாங்கியிருப்பேன். தெரிந்தே தலையில் கட்டிவிட்டீர்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

இன்னொன்று. இந்த மேப்பிளை விற்கிற உங்கள் இணையப் பக்கத்தில் "நீல மேப்பிள் விதை" என்று 199 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் இருக்கிறது. நீல இலை உள்ள ஜப்பானிய மேப்பிள் உலகத்திலேயே கிடையாது. நல்ல மேப்பிள் விதைகூட ஈரக் குளிரில் இரண்டு மூன்று மாதம் கிடந்தால்தான் முளைக்கும். பள்ளிப் பிள்ளைகள் சேர்த்து வைத்த காசில் இதை வாங்குவார்கள். அதை உடனே எடுத்துவிடுங்கள்.

மே 16 அன்று உங்கள் குறைதீர் முகவரிக்கு மறுபடியும் எழுதினேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். இரண்டுமே நடக்கவில்லை. நான் கேட்பது செடிக்கும் கூரியருக்கும் கொடுத்த 3,100 ரூபாயைத்தான். தொட்டிக்கும் உரத்துக்கும் ஆன செலவு என்னோடு போகட்டும், அந்தத் தொட்டியில் வேறு ஏதாவது வைத்துக்கொள்வேன். ஆனால் "எந்த வெயிலிலும் வளரும்" என்று அரட்டைப் பெட்டியில் சொல்வதை நிறுத்த வேண்டும். குளிர்ப் பிரதேசச் செடி என்று விலைக்குப் பக்கத்திலேயே தமிழிலும் எழுத வேண்டும். பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்படியே சொல்லிக்கொண்டிருந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

15 நாளில் பதில் வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரசீது, அரட்டைப் படம், ஒட்டு முடிச்சுத் தெளிவாகத் தெரிகிற மூன்று புகைப்படங்கள் இணைத்துள்ளேன். காய்ந்த செடியை வேரோடு எடுத்து வைத்திருக்கிறேன். யாராவது வந்து பார்ப்பதானால் காலை பத்து மணிக்கு மேல் வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்