காரீயம் இல்லை, எதிர்முள் இல்லை என்று அச்சிட்டு விற்ற ஸ்டீல்ஹெட் தூண்டில் பெட்டி குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா
(பெயரும் முகவரியும் இணைத்துள்ள ரசீதில் உள்ளன)

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

பொருள்: குளிர்கால ஆற்று மீன்பிடிப்புக்கான தக்கை, ஜிக் (உலோகத் தலை வார்த்த தூண்டில் முள்), பிளாஸ்டிக் புழு அடங்கிய பெட்டியில், மேலே அச்சிட்ட விவரத்துக்கு மாறான பொருள்கள் இருந்தமை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வாடிக்கையாளர்கள் தமக்கு வசதியான மொழியில் எழுதலாம் என்று தங்கள் கடையில் சொன்னார்கள். நிகழ்ந்ததைப் பிழையில்லாமல் சொல்ல எனக்குத் தமிழே ஏற்றது என்பதால் இக்கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன். இதைத் தங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்பவரிடம் முதலிலேயே ஒரு வேண்டுகோள். தமிழில் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் பேச்சுவழக்கில் 'ஈயம்' என்றே சொல்லிவிடுவதுண்டு. இப்புகாரின் பாதி அந்த இரண்டு உலோகங்களுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பற்றியதாகையால், அவற்றைத் தயவுசெய்து பிரித்தே சொல்லவும்.

ஜனவரி முதல் வாரத்தில் தங்கள் கடையில் ஸ்டீல்ஹெட் என்னும் மீனைப் பிடிப்பதற்கென்று விற்கப்படும் பெட்டி ஒன்றை 68 டாலருக்கு வாங்கினேன். 15 கிராம் எடை தாங்கும் தக்கைகள் 4, மராபூ என்னும் மென்மையான இறகு கட்டிய 1/8 அவுன்ஸ் ஜிக்குகள் 12, 15 சென்டிமீட்டர் நீளமுள்ள இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் புழுக்கள் 10 ஆகியவை உள்ளே இருப்பதாகப் பெட்டியில் அச்சிடப்பட்டிருந்தது. ஜிக்குகளின் தலை வெள்ளீயத்தால் வார்க்கப்பட்டது, காரீயம் அறவே இல்லை என்றும், எல்லா முள்ளும் எதிர்முள் (மீன் நழுவாதபடி முள் முனைக்கு அருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் கூர்) இல்லாதவை என்றும் பெரிய எழுத்தில் இருந்தது. விலை குறைந்த வேறு பெட்டிகள் பக்கத்திலேயே இருக்க, நான் இதை எடுத்ததற்கு அந்த இரண்டு வரிகளே காரணம்.

ஜனவரி 18ஆம் தேதி விடியுமுன்பே சில்லிவாக் சென்று, வெடர் ஆற்றின் கரையில் நின்றேன். மழை நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. கலங்கல் தெளிந்து, நீர் பச்சை நிறத்துக்குத் திரும்பி, ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குத் தெரிந்தது. இந்த ஆற்றில் தக்கை போட்டுப் பிடிப்பவர்கள் குளிர்காலம் முழுவதும் இப்படிப்பட்ட நாளுக்காகவே காத்திருப்பார்கள். பெருக்கெடுத்து ஓடும்போது மீன் இரையைக் காணாது. நீர் மிகத் தெளிந்து வற்றிவிட்டால் நம் நிழலுக்கே அஞ்சி ஒதுங்கிவிடும். இடைப்பட்ட இந்த ஓரிரு நாள்தான் நல்ல வாய்ப்பு. வேலைக்குப் போகிறவனுக்கு அது விடுமுறை நாளில் வந்து அமைவது அரிது.

நான் கட்டிய முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நான் முன்பு மின்னஞ்சலில் அனுப்பிய புகாருக்குத் தங்கள் பிரிவிலிருந்து வந்த பதிலில் 'எடையில் சிறு வேறுபாடு மீன்பிடிப்பைப் பாதிக்காது' என்று எழுதப்பட்டிருந்தது. குளிர்ந்த நீரில் ஸ்டீல்ஹெட் இரையைத் துரத்தி வராது. ஆற்றின் அடியை ஒட்டி, ஓட்டம் தணிந்த இடத்தில் நின்றுகொண்டு, தன் முகத்துக்கு நேரே மெல்ல மிதந்து வருவதைத்தான் வாயில் எடுக்கும். ஆற்றின் அடியில் ஓட்டம் மேற்பரப்பைவிட மெதுவானது. ஆகவே தூண்டில் நரம்பான தங்கூசியைச் சற்றே இழுத்துப் பிடித்துத் தக்கையைத் தாமதப்படுத்தி, அடியிலுள்ள ஓட்டத்தின் வேகத்திலேயே ஜிக் நகரும்படி செய்ய வேண்டும். அதற்குத் தக்கையின் நுனி மட்டும் நீருக்குமேல் தெரிய வேண்டும். அதிகம் தெரிந்தால், மீன் மென்மையாக வாய்வைப்பதை அது மேலே காட்டாது. குறைவாகத் தெரிந்தால் ஒவ்வொரு சுழிப்பும் தக்கையை அமிழ்த்திவிடும். 15 கிராம் தக்கைக்குக் கீழே 10 கிராம் எடைக்குண்டும், அதற்குக் கீழே அரை மீட்டர் மெல்லிய நுனி நரம்பும், அதன் முனையில் 1/8 அவுன்ஸ், அதாவது மூன்றரைக் கிராம் ஜிக்கும் கட்டினால் மொத்தம் 13.5 கிராம். மீதமுள்ள ஒன்றரைக் கிராம்தான் தக்கையின் நுனியை நீருக்குமேல் நிறுத்துகிறது. பெட்டியில் அச்சிட்ட எண்களை நம்பி நான் போட்ட கணக்கு இது.

முதலில் கட்டிய ஜிக்கின் முள்ளைச் சட்டைக் கையில் குத்தி இழுத்துப் பார்த்தேன். துணியில் சிக்காமல் வந்தது. எதிர்முள் இல்லை என்று உறுதியாயிற்று. தக்கையும் சொன்னபடியே நின்றது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து அந்த ஜிக் அடிப்பாறையில் சிக்கி அறுந்துபோனது. அது யார் குற்றமும் இல்லை. அதே பெட்டியிலிருந்து, அதே நிறத்தில், அதே அளவில் இன்னொன்றை எடுத்துக் கட்டினேன். அப்போதிருந்து தக்கை போட்ட ஒவ்வொரு தடவையும் தானாகவே அமிழ்ந்தது. மீன் எடுத்தது என்று எண்ணி நான் கோலை உயர்த்துவேன், ஒன்றும் இருக்காது. ஏறத்தாழ முப்பது தடவை இப்படி நடந்தது. மீன் கிடக்கும் இடத்தின்மேல் வீணாகக் கோலை வீசி இழுப்பது நீரை அடித்துக் கலக்குவதற்குச் சமம். தக்கைதான் கெட்டுவிட்டதோ என்று இன்னொன்றை மாற்றினேன், அதுவும் அமிழ்ந்தது. கடைசியில் எடைக்குண்டில் இரண்டு கிராமைக் கழற்றிய பிறகே தக்கை நிமிர்ந்தது.

பதினொரு மணியளவில் உண்மையாகவே ஒரு மீன் எடுத்தது. கரைக்கு அருகே கொண்டுவந்து பார்த்தபோது, முதுகில் வாலுக்கு முன்னால் இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பு வெட்டப்படாமல் முழுமையாக இருந்தது. அதாவது, பொரிப்பகத்தில் வளர்த்து விட்டது அல்ல, ஆற்றிலேயே பிறந்தது. அத்தகைய மீனை உயிரோடு விட்டுவிட வேண்டும் என்பது இந்த மாகாணத்தின் விதி. விதி இல்லாவிட்டாலும் நான் விட்டிருப்பேன். இங்குள்ள ஆறுகளில் எதிர்முள் இல்லாத ஒற்றை முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதியும் இதற்காகவே வந்தது. எதிர்முள் இல்லையென்றால் குறடால் ஒருமுறை திருப்பினால் முள் வெளியே வந்துவிடும். மீனைத் தூக்கவே தேவையில்லை. ஆனால் அன்று முள் வரவில்லை. செவுளுக்கு அருகே தசையில் ஆழமாகப் பிடித்திருந்தது. குறடால் இரண்டு மூன்று முறை முயன்றபோது இரத்தம் வந்தது. மீனின் தலையை நீருக்குள் வைத்தபடியே, கைவிரல் விறைத்துப்போகும் வரை முயன்றுதான் எடுத்தேன். எடுத்துப் பார்த்தால், முள்ளில் தெளிவாக எதிர்முள் இருந்தது. மீன் சற்றுநேரம் என் கையில் சாய்ந்து கிடந்துவிட்டு, மெல்ல ஆழத்துக்குப் போயிற்று. பிழைத்ததா என்பது எனக்குத் தெரியாது.

இரண்டாவது ஜிக்கையும் துணியில் இழுத்துப் பார்த்திருக்க வேண்டாமா என்று தாங்கள் கேட்கலாம். பார்த்திருக்க வேண்டும், அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் பன்னிரண்டும் ஒரே வகை என்று அச்சிட்டு, ஒரே அட்டையில் வரிசையாகக் குத்தி விற்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அந்த நேரத்தில் மீன்வளக் காவலர் எவரேனும் வந்து பார்த்திருந்தால், விதியை மீறியவன் என்று என் பெயர்தான் எழுதப்பட்டிருக்கும்.

வீடு திரும்பியதும், எஞ்சிய பதினோரு ஜிக்குகளையும் நகை நிறுக்கும் சிறிய தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். ஆறு ஜிக்குகள் 3.4 முதல் 3.6 கிராம் வரை இருந்தன. இவை அச்சிட்ட விவரத்துக்குப் பொருந்துகின்றன. மீதி ஐந்தும் 5.0 முதல் 5.2 கிராம் வரை இருந்தன. தலையின் அளவிலும் வடிவத்திலும் நிறத்திலும் ஒரு வேறுபாடும் இல்லை. எதிர்முள் இருந்ததும் சரியாக அந்த ஐந்தில்தான். ஆற்றில் தக்கை ஏன் அமிழ்ந்தது என்பது அப்போதுதான் விளங்கியது: 10 கிராம் குண்டும் 5.1 கிராம் ஜிக்கும் சேர்ந்தால் 15.1 கிராம், 15 கிராம் தக்கை அதைத் தாங்காது. 'சிறு வேறுபாடு' என்று தங்கள் பதிலில் எழுதியது இந்த ஒன்றரைக் கிராமைத்தான். தக்கையை நிறுத்திவைப்பதும் அதே ஒன்றரைக் கிராம்தான்.

இதைவிடக் கவலை தருவது ஒன்று உண்டு. ஒரே அளவுள்ள தலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமாக இருந்தால் உலோகம் வேறாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளீயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம், காரீயத்துடையது 11.3 கிராம், காரீயம் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். முள்ளின் எடையைக் கழித்துப் பார்த்தால் என் தராசு காட்டியதும் ஏறத்தாழ அதே விகிதம். கனமான ஜிக் ஒன்றின் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு வெள்ளைத் தாளில் இழுத்தேன். பென்சிலால் கீறியதுபோல் சாம்பல் நிறக் கோடு விழுந்தது. இலகுவான ஜிக் அப்படிக் கோடு விடவில்லை. நான் வேதியியல் ஆய்வாளன் அல்லன். ஆகவே இது காரீயம்தான் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் ஐயப்பட வலுவான காரணம் இருக்கிறது என்கிறேன். அறுந்து ஆற்றில் தங்கும் காரீயத் துண்டுகளை விழுங்கி லூன் போன்ற நீர்ப்பறவைகள் சாகின்றன என்பதால்தான், கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த காரீய எடைகளையும் ஜிக்குகளையும் தூண்டிலில் பயன்படுத்தத் தடை இருக்கிறது. தங்கள் பெட்டியை நம்பி ஒருவர் அங்கே போனால் அறியாமலேயே அந்தத் தடையை மீறுவார். ஒரே நாளில் ஒருவன் மூன்று நான்கு ஜிக்குகளைப் பாறையில் இழப்பது இந்த முறையில் சாதாரணம். நான் அன்று இழந்தது வெள்ளீயம் என்பது என் நல்வாய்ப்பு.

தக்கைகளிலும் குறை உண்டு. நான்கில் இரண்டு, நடுக்குச்சி உடலுக்குள் நுழையும் இடத்தில் வண்ணம் வெடித்து, உள்ளே நீரை உறிஞ்சுகின்றன. வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்து நிறுத்தபோது ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு கிராம் கூடியிருந்தது. பிளாஸ்டிக் புழுக்களைப் பற்றி ஒரே ஒரு குறைதான்: அவற்றையும் ஜிக்குகளையும் ஒரே அறையில் போட்டு அடைத்திருக்கிறீர்கள். மென்மையான பிளாஸ்டிக்கில் சேர்க்கும் நெகிழ்வூட்டி கசிந்து வண்ணத்தைக் கரைக்கும் என்பது இத்தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மூன்று ஜிக்குகளின் தலை பிசுபிசுத்து, இறகு புழுவோடு ஒட்டிக்கொண்டது. புழு தன்னளவில் நல்ல புழுதான். முள்ளில் கோத்தால் நீரில் நன்றாக அசைகிறது. அதைத் தனி உறையில் போட்டிருந்தால் போதும்.

இவற்றையெல்லாம் புகைப்படங்களோடு ஜனவரி 20ஆம் தேதி தங்கள் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. எடையைப் பற்றி மேலே சொன்ன ஒரு வரி. கையால் செய்யும் பொருள்களில் வேறுபாடு இயல்பு என்று ஒரு வரி. பிரித்த பெட்டியைத் திரும்பப் பெறுவதில்லை என்று ஒரு வரி. எதிர்முள்ளைப் பற்றியோ காரீயத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. வேறு வகையைச் சேர்ந்த ஐந்து ஜிக்குகள் இந்த அட்டைக்குள் எப்படி வந்தன என்பதே என் கேள்வி. கைவேலையின் ஏற்றத்தாழ்வு அதற்கு விடை ஆகாது. பெட்டியைப் பிரிக்காமல் ஜிக்கை எப்படி நிறுப்பது என்பதையும் யாரும் சொல்லவில்லை.

கடலுக்குப் போய் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி ஏறும் ரெயின்போ ட்ரௌட்தான் ஸ்டீல்ஹெட். பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துவிடும்; இதுவோ மீண்டும் கடலுக்குப் போய், இன்னொரு முறை ஏறி வரக்கூடியது. கையிலிருந்து நலமாகத் திரும்பும் ஒவ்வொரு மீனுக்கும் அந்த வாய்ப்பு இருக்கிறது. வெடர் ஆற்றின் நீர் போய்ச் சேரும் அதே ஃப்ரேசர் ஆற்றின் வழியாக மேலே போகும் தாம்ப்சன், சில்கோடின் ஸ்டீல்ஹெட் கூட்டங்கள் அழியும் நிலையில் உள்ளன என்று கனடாவின் வனவிலங்கு நிலை மதிப்பீட்டுக் குழு 2018இல் மதிப்பிட்டது. இப்படிப்பட்ட மீனுக்கென்று பெட்டி விற்கும் நிறுவனம், பெட்டிக்குள் இருப்பது எந்த முள் என்று அறிந்து விற்க வேண்டும் என நான் எதிர்பார்ப்பது மிகையாகாது.

நான் கேட்பவை இவை. கனமான ஜிக்குகளை ஆய்வகத்தில் சோதித்து, அவை எந்த உலோகம் என்பதை எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முடிவு வரும்வரை, ரசீதில் நான் அடிக்கோடிட்டுள்ள தொகுதி எண்ணுள்ள பெட்டிகளை எல்லாக் கிளைகளிலும் விற்பனையிலிருந்து எடுத்துவைக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு எதிர்முள் பற்றியாவது உடனே அறிவிக்க வேண்டும். பிப்ரவரியும் மார்ச்சும் இந்த ஆற்றில் மீன் மிகுதியாக ஏறும் மாதங்கள் என்பதால் இதைத் தள்ளிப்போட இடமில்லை. பெட்டியின் விலையான 68 டாலரையும் வரியையும் திருப்பித் தர வேண்டும். பணத்தைத் தந்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடலாம் என்று தாங்கள் கருதினால், அதை நான் ஏற்கமாட்டேன்.

இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாள்களுக்குள் பதில் வராவிட்டால், உண்மைக்கு மாறான விவரத்தோடு பொருள் விற்கப்படுவது குறித்துக் கனடாவின் போட்டிப் பணியகத்துக்கு முறைப்படி எழுதுவேன்.

கனமான ஐந்து ஜிக்குகளில் நான்கையும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இலகுவான ஒன்றையும், நீர் உறிஞ்சும் தக்கைகள் இரண்டையும், ரசீதின் நகலையும், தராசில் வைத்து எடுத்த புகைப்படங்களையும் இத்துடன் அனுப்பியுள்ளேன். முள் முனைகளைத் தக்கைத்துண்டில் குத்தி வைத்திருக்கிறேன். உறையைப் பிரிப்பவர் கையில் குத்தாமல் பார்த்துக்கொள்ளவும். ஐந்தாவது கனமான ஜிக், அந்த மீனின் வாயிலிருந்து எடுத்தது, என்னிடம் இருக்கிறது. தேவைப்பட்டால் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
சர்ரே, பிப்ரவரி 3