தராசில் தெரியும் சாட்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பாப்பாரப்பட்டிப் பக்கத்தில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களும் புளி சீசனும் ஒன்றாகவே வந்து சேரும். ஆலயத்தில் உபவாசக் கூட்டங்களை அறிவிக்கும் அதே வாரங்களில், திண்ணைகளில் பெண்கள் உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். கிலோக் கணக்கில்தான் அவர்களுக்குக் கூலி. அப்படிப் புளியைச் சுத்தம் செய்யக் கொடுத்து வாங்கும் சிறு வியாபாரி என்ற முறையிலும், ஞாயிறு ஆராதனை தவறாதவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

சாட்சி என்றால் சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் எனக்குச் செய்த நன்மை இன்னது என்று சொல்வதாகவே எங்களில் பலரும் எண்ணுகிறோம். அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் எங்களவர்களே. மற்றவர்கள் எங்கள் விசுவாசத்தைப் பார்ப்பது கடையிலும் களத்திலும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மாள் என் கடையில் எடை போட்டு முடித்ததும், "ஏங்கண்ணா, சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கிறீங்களே, இந்தச் சாக்கு அத்தன இருக்குமா?" என்று கேட்டார். நாலு பேர் நிற்கும்போது கேட்டதால் எனக்குச் சுருக்கென்றது. இஷ்டமில்லாவிட்டால் வேறு கடை பார்த்துக்கொள் என்று கடிந்து பேசிவிட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அன்று மாலை வெறும் சாக்கைத் தராசில் போட்டுப் பார்த்தேன். 120 கிராம். ஒரு கிலோ என்பது சணல் சாக்குக் காலத்தில் என் தந்தையார் வைத்த கழிவு. நைலான் சாக்கு வந்து இத்தனை காலமாகியும் அதை மாற்ற எனக்குத் தோன்றவில்லை, மாற்றாததில் லாபம் இருந்ததால் தோன்றவில்லை என்பதே உண்மை.

"கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரம் தொடங்குகிறது. என் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையின் முத்திரை உண்டு. அதில் குறையில்லை, கள்ளம் சாக்குக் கணக்கில் இருந்தது. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரைகூட உன்னிடம் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் சொல்ல, என்னிடமோ அது பல சீசன்களாகத் தங்கியிருந்தது.

நோட்டில் பெயர் இருந்தவர்களை அழைத்து, அந்த ஒரு சீசனுக்கு உரியதைக் கொடுத்தேன். வேதத்தில் வரும் வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். நான் ஒரு மடங்கோடு நின்றவன், ஆகவே இதில் பெருமைக்கு இடமில்லை. பணம் கொடுத்தது பெரிதாகத் தெரியவில்லை. அந்த அம்மாளிடம், கடையில் ஆட்கள் இருக்கும்போதே, "அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா" என்று சொல்லத்தான் நாக்கு எழவில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போட்டே சொன்னேன்.

லெந்து நாட்களில் மாமிசம் தவிர்ப்பதைப் பற்றிப் பேசும் போதகர்கள், கழிவு, கூலி பாக்கி, வேலையாட்களை ஒருமையில் விளிக்கும் வழக்கம் ஆகியவற்றைப் பற்றியும் பிரசங்கத்தில் பெயர் சொல்லியே பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொதுவாக 'அன்பாயிருங்கள்' என்றால் என்னைப் போன்றவர்கள் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம்.

இப்போது வெறும் சாக்கை அந்தப் பெண்கள் கண்முன்னே எடை பார்த்த பிறகே புளியை எடை போடுகிறேன். அந்த அம்மாள் இன்றும் வருகிறார். தராசில் தெரியும் எண்ணை எட்டிப் பார்த்து, வாய்விட்டுப் படித்த பிறகே பணம் வாங்குகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாப்பாரப்பட்டி, தருமபுரி மாவட்டம்.