பற்று எங்கே என்று பார்

சிவமயம்
காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

நீ அனுப்பிய பரிசோதனை முடிவைப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.4, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13-க்குக் கீழே இறங்கினாலே இரத்தச் சோகை. இரும்பு மாத்திரை கொடுத்து மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள் என்கிறாய். உன் ஆத்தாவோ, ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வறுக்காத வீட்டில் இரத்தம் எப்படி ஊறும் என்று மீனாள் சமையலின் மேல் பழியைப் போடுகிறாள். பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்!

ஐந்தொகையில் வரவும் செலவும் ஒத்துவராமல் இடித்தால் கைமாற்று வாங்கிச் சரிக்கட்டுவது நம் வழக்கமில்லை. எழுதாமல் விட்டுப்போன பற்றை, அதாவது செலவைத் தேடிப் பேரேட்டைப் புரட்டுவோம். உடம்பின் இரும்புக் கணக்கும் அப்படித்தான். உடல் ஒரு நாளைக்கு உணவிலிருந்து 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பைத்தான் ஈர்த்துக்கொள்கிறது. ஒரு மில்லி இரத்தத்தில் அரை மில்லிகிராம் இருக்கிறது. குடலில் தினம் ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து மில்லி இரத்தம் கசிந்தால் இரண்டரை மில்லிகிராம் போய்விடும். அவ்வளவு சிறு கசிவு கண்ணுக்குத் தெரியாது, வலியும் இருக்காது. மலம் கறுத்திருக்கிறதா என்று பார்த்தும் பயனில்லை, மாத்திரையே அதைக் கறுப்பாக்கிவிடும்.

முதுகுவலிக்கு நீ விழுங்கும் மாத்திரைகளே இரைப்பையைப் புண்ணாக்கியிருக்கலாம். அதை மருத்துவரிடம் சொன்னாயா? இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கலாம். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயில் கசிவே இராது, சிறுகுடல் இரும்பை ஈர்க்காது. வயிற்றுப்போக்கு இல்லாமலும் அது வரும். எனக்குள்ள கவலை பெருங்குடலின் வலப்பக்கம்தான். அங்கே மலம் இளகலாக இருப்பதால் கட்டி வளர்ந்தாலும் அடைப்பு சீக்கிரம் தெரியாது. சோகைதான் முதல் அறிகுறியாக வரும். உனக்கு அதுதான் என்று சொல்லவில்லை. இல்லை என்று பார்த்துத் தெரிந்துகொள்.

ஆகவே இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி இரண்டும் வேண்டும் என்று கேள். ஒரே நாளில் முடித்துவிடலாம். சீலியாக் நோய் உண்டா என்று பார்க்கச் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து சதைத் துணுக்கு எடுப்பார்களா என்றும் விசாரி. மலத்தில் மறைந்த இரத்தம் இல்லை என்று முடிவு வந்தாலும் அதை நம்பி நின்றுவிடாதே; கசிவு விட்டுவிட்டு வரும். இரண்டிலும் ஒன்றும் அகப்படாமல் சோகை திரும்பினால், கேமரா வைத்த கேப்சூலை விழுங்கச் செய்து சிறுகுடலைப் பார்ப்பார்கள்.

இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். முந்திய நாள் குடிக்கும் பேதி மருந்து வாயில் வைக்க முடியாது, குளிரவைத்துக் குடி. மீனாளை உடன் அழைத்துப் போ, மயக்க மருந்து கொடுத்த அன்று நீ கார் ஓட்டக் கூடாது.

அப்பச்சி