தோற்ற குதிரைகளின் பெயரையும் காத்து வையுங்கள்

பந்தயக் குதிரைகளின் பெயர்களைப் பதிவு செய்யும் அலுவலர்களுக்கு வணக்கம்.

நான் பந்தயத்தில் பணம் கட்டுபவன் அல்ல. ஓடும் குதிரைகளின் பட்டியல் கையில் கிடைத்தால் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பேன், அவ்வளவுதான். எத்தனையோ வருடப் பழக்கம். அந்தப் பெயர்கள் எல்லாம் உங்கள் மேசையைத் தாண்டித்தான் என்னிடம் வந்து சேர்கின்றன. அந்த உறவில் ஒரு நன்றியும் ஒரு வேண்டுகோளும்.

நன்றி, நீங்கள் வைத்திருக்கும் எழுத்து வரம்புக்கு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இடைவெளியையும் சேர்த்து 18 எழுத்து. ஜப்பானில் ஒன்பதே எழுத்து, அதுவும் கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்துமுறையில். இடம் குறையக் குறையத்தான் மனிதர்களுக்கு மூளை ஓடுகிறது. 2010 ஆகஸ்டில் நியூ ஜெர்சியின் மான்மவுத் பார்க் மைதானத்தில் ஒரு குதிரை ஓடியது. பெயர் 'மைவைஃப்நோஸ்எவ்ரிதிங்', அதாவது 'என் மனைவிக்கு எல்லாம் தெரியும்'. ஆங்கிலத்தில் இதைப் பிழையில்லாமல் எழுதினால், இடைவெளியே விடாவிட்டாலும் 21 எழுத்து வரும். அதனால் 'நோஸ்' என்ற சொல்லில் ஒலிக்காமல் நிற்கும் இரண்டு எழுத்தை எடுத்துவிட்டார்கள். 'எவ்ரிதிங்'கில் இன்னொன்றை உருவினார்கள். கச்சிதமாக 18.

அதே பந்தயத்தில் இன்னொருவரின் குதிரை 'தவைஃப்டஸன்ட்நோ'. மனைவிக்குத் தெரியாது! கடைசி நேர்கோட்டில் இரண்டும் மற்றவற்றை விட்டு முன்னால் வந்துவிட்டன. வர்ணனையாளர் லாரி கால்மஸ் வேறு வழியில்லாமல் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போனார். தெரியாது, எல்லாம் தெரியும், தெரியாது, எல்லாம் தெரியும். முடிவில் எல்லாம் தெரிந்ததுதான் முதலில் வந்தது. குதிரைப் பந்தயம் என்றாலே முகம் சுளிக்கும் எத்தனையோ பேர் அந்த வர்ணனையைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு முதல் அனுமதி கொடுத்தது உங்கள் முத்திரை.

இந்த விளையாட்டு இன்று நேற்று தொடங்கியதல்ல. 1773இல் இங்கிலாந்தில் அபிங்டன் பிரபுவின் லாயத்தில் பிறந்த ஒரு குட்டிக்கு 'பொட்டேட்டோஸ்' என்று பெயர், நம் உருளைக்கிழங்குதான். தீவனப் பெட்டியின் மேல் பெயரை எழுதச் சொன்னபோது லாயத்துப் பையன் காதில் விழுந்ததை அப்படியே எழுதினான் என்பார்கள். 'பொட்' என்று மூன்று எழுத்து. அப்புறம் எட்டு 'ஓ', ஒன்றன் பின் ஒன்றாக, வட்டம் வட்டமாக. 'எட்டு ஓ' என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் 'எய்ட் ஓஸ்' அல்லவா? பிரபு ரசித்துவிட்டார். அந்தப் பெயரே நிலைத்தது. ஒரு பையனின் எழுத்துப் பிழைக்கு இவ்வளவு நீண்ட ஆயுள்! இன்று ஓடும் உயர்ரகப் பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் தந்தைவழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், அந்த எட்டு ஓக்களில் வந்து நிற்கும். அதற்கு அப்பன் எக்லிப்ஸ், 1764இல் சூரிய கிரகணத்தின்போது பிறந்ததால் அந்தப் பெயர்.

தாய் தகப்பன் பெயரிலிருந்து பிள்ளையின் பெயரைப் பிழிந்தெடுப்பதும் தனி அழகு. தகப்பன் பாலினேசியன், தாய் கெய்ஷா, பிள்ளை நேட்டிவ் டான்சர், அதாவது மண்ணின் ஆட்டக்காரன். தீவுக்காரனுக்கும் ஆடல்மகளுக்கும் பிறந்தது வேறு என்னவாக இருக்கும்? 22 பந்தயங்களில் ஒன்றில் மட்டுமே தோற்ற குதிரை அது. நீங்கள் வேண்டாம் என்று சொன்னதிலும் நல்லது நடந்திருக்கிறது. பல பெயர்கள் திரும்பி வந்த பிறகுதான், லாயத்தின் செயலாளராக இருந்த பெண்மணி சொன்ன 'செக்ரட்டேரியட்' என்ற பெயர் அந்தச் செந்நிறக் குதிரைக்கு அமைந்தது. 1973இல் பெல்மான்ட் பந்தயத்தில் 31 குதிரை நீளம் முந்தி வந்ததும் அதுதான்.

இனி வேண்டுகோள். செக்ரட்டேரியட் என்ற பெயரை வேறு எந்தக் குட்டிக்கும் வைக்க விடமாட்டீர்கள். பெரிய பந்தயங்களை வென்றவையும் புகழ்பெற்ற வம்சத்தை உண்டாக்கியவையும் பாதுகாக்கப்பட்ட பெயர்ப் பட்டியலில் ஏறிவிடுகின்றன. அது நியாயம்தான். மற்றவற்றின் கதி? பத்து வயது தாண்டிய குதிரை ஐந்தாண்டுகளாக ஓடவும் இல்லை, இனப்பெருக்கத்திலும் இல்லை என்றால், அமெரிக்க விதிப்படி அதன் பெயரை இன்னொரு குட்டிக்குக் கொடுத்துவிடலாம்.

ஹரு உராரா என்ற பெயரை அப்படிக் கொடுத்துவிட முடியுமா, சொல்லுங்கள். இளவெயில் காயும் வசந்தம் என்பது போன்ற பொருள். ஜப்பானின் கோச்சி மைதானத்தில் 113 முறை ஓடினாள், 113 முறையும் தோற்றாள். கடனில் மூழ்கி மூடும் நிலையில் இருந்த அந்த மைதானத்துக்கு அவளைப் பார்க்கவே கூட்டம் வந்தது. 2004 மார்ச்சில் நாட்டின் தலைசிறந்த ஜாக்கி யுடாகா டகே ஏறி ஓட்டியும் 11 குதிரைகளில் பத்தாவதாகத்தான் வந்தாள். அவள் பெயர் போட்ட சீட்டை வாங்கி, காரில் தாயத்துபோல் வைத்துக்கொண்டார்கள். தமிழில் லாட்டரியும் 'அடிக்கும்', வண்டியும் 'அடிக்கும்' அல்லவா? ஜப்பானிய மொழியிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இவள் சீட்டு அடிக்காது, ஆகவே வண்டியும் அடிக்காது என்ற நம்பிக்கை. 2025இல் அவள் இறந்தபோது உலகெங்கும் ஆட்கள் வருந்தினார்கள்.

அமெரிக்காவில் ஸிப்பி சிப்பி. சொல்லிப் பார்த்தாலே நாக்கு துள்ளும். சரியாக 100 பந்தயம், ஒரு வெற்றிகூட இல்லை. 2022இல் இறந்தான். வெற்றியை அளந்தே நிரப்பும் பட்டியலில் இந்த இரண்டுக்கும் நுழைய வாசல் கிடையாது. மக்கள் நினைவில் வைத்திருக்கும் பெயர்களுக்கென்று அதில் ஒரு பகுதியைச் சேருங்கள். பெரிய வேலை ஒன்றுமில்லை, சில வரிகள்தான். ரசிகர்களிடம் கேட்டால் எந்தப் பெயர்கள் என்று அவர்களே சொல்வார்கள்.

நாளை யாராவது ஒரு குட்டிக்கு ஹரு உராரா என்று விண்ணப்பம் எழுதி அனுப்பினால், நீங்கள் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும், 'இந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது' என்று.

இப்படிக்கு,
பெயர்களைப் படிக்கும் ஒரு ரசிகன்